விழாவுக்குத் தோரணம், தோட்டத்துக்குச் சட்டி: மலையகத்து ஈரத்தில் எது நிற்கும்?

"ஓரிரவு காயவிடுங்கள்" என்று கைவேலைக் குறிப்புகளில் ஒரு வரி தவறாமல் வரும். அதை எழுதியவர் ஆடி மாதத்து நுவரெலியாவில் துவைத்த சட்டையைக் கொடியில் போட்டுப் பார்த்திருக்கமாட்டார். 1,868 மீற்றர் உயரத்தில், மூன்று நாளாகியும் சட்டைக் கொலர் சில்லென்று இருக்கும் ஊரில், பசை தடவிய கடதாசி மட்டும் விடிவதற்குள் காய்ந்துவிடுமா?

வீட்டில் ஒரு சடங்கோ பிறந்தநாளோ வருகிறது, காசு அதிகம் போகக்கூடாது, செய்த பொருள் மறுநாள் குப்பைக்குப் போகாமல் வாசல் தோட்டத்துக்கும் உதவ வேண்டும் என்று நினைப்பவர்கள் விலையையும் அழகையும் பார்க்கு முன் ஈரம் பட்டால் அந்தப் பொருள் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். இங்கே வரும் தெரிவுகளை அப்படித்தான் எடை போட்டிருக்கிறோம். விலை எதையும் எழுதவில்லை, எழுதினால் அடுத்த மாதமே பொய்யாகிவிடும். எதைக் கடையில் வாங்க வேண்டும், எது சும்மா கிடைக்கும் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம்.

மலையகம் என்றாலும் எல்லாப் பக்கமும் ஒரே ஈரம் இல்லை. ஹட்டன், நோர்வூட், தலவாக்கலைப் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை விடாமல் பெய்யும். அதே மாதங்களில் பண்டாரவளை, ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் காய்ந்த காற்றுத்தான் அடிக்கும். இந்த ஊவாப் பக்கத்துக்கு மழை ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. ஆக, ஜூலையில் கட்டிய ஒரே கடதாசி விளக்குக்கூடு ஹட்டனில் நனைந்து தொங்கும், பண்டாரவளையில் காற்றில் கிழியும்.

தோரணம்: கடதாசியா, துணியா, குருத்தோலையா?

கிரேப் கடதாசிதான் எல்லாருக்கும் முதலில் நினைவுக்கு வருவது. நகரத்து மண்டபத்துக்குள் அது சரி. லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பிலோ, அதாவது முன் திண்ணையிலோ, முற்றத்துப் பந்தலிலோ கட்டினால் பிரச்சினை மழையில் தொடங்குவதில்லை, மூடுபனியில் தொடங்குகிறது. கிரேப் கடதாசியின் சாயம் தண்ணீரில் கரையக்கூடியது. பனி படிந்து சொட்டினால் சிவப்பும் ஊதாவும் வெள்ளைச் சுவரிலும் பிள்ளையின் சட்டையிலும் இறங்கும். சுருக்கம் நீண்டு, மாலையில் கட்டிய குஞ்சம் காலையில் கயிறு போலத் தொங்கும். வீட்டுக்குள், அதுவும் அடுப்படி வெப்பம் எட்டும் காம்பராவுக்குள் என்றால் மட்டும் கட்டலாம்.

முன்பு கடையில் வாங்கிய பிளாஸ்டிக் பூமாலை இப்போது ஒரு தெரிவே அல்ல. 2023 ஒக்டோபர் 1 முதல் ஒருமுறை பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கோப்பை, கரண்டி, ஸ்ட்ரோ, இடியப்பத் தட்டு ஆகியவற்றோடு பிளாஸ்டிக் மாலைகளின் உற்பத்தியும் விற்பனையும் இலங்கையில் தடைசெய்யப்பட்டுவிட்டன.

எங்கள் தெரிவு பழைய சேலையில் வெட்டும் முக்கோணக் கொடிதான். கணக்கைப் பாருங்கள். ஐந்தரை மீற்றர் நீளமும் 1.1 மீற்றர் அகலமும் உள்ள ஒரு சேலையை 20 சென்ரிமீற்றர் உயரமான ஐந்து பட்டிகளாகக் கிழிக்கலாம். ஒவ்வொரு பட்டியிலும் 15 சென்ரிமீற்றர் அடியுள்ள முக்கோணங்களை ஒன்று நேராகவும் ஒன்று தலைகீழாகவும் வெட்டினால் 72 தேறும். ஐந்து பட்டிக்கும் 360. கொடிகளுக்கு இடையில் 5 சென்ரிமீற்றர் விட்டுக் கட்டினால் 72 மீற்றர் தோரணம்! ஒரு லயத்தின் முழு வாசலுக்கும் போதும். சாதாரண வீட்டுக்குக் கால் சேலையே தாராளம்.

இதற்குப் பருத்திச் சேலை வேண்டாம். பருத்தி ஈரத்தைக் குடித்துக் கனத்து, கயிற்றையே தொய்யவைக்கும். வெட்டிய ஓரமும் நூல் நூலாகப் பிரியும். பொலியெஸ்டர் அல்லது நைலெக்ஸ் சேலையை உதறினாலே தண்ணீர் போய்விடும். அதன் ஓரத்தை மெழுகுதிரிச் சுடரின் பக்கவாட்டில், தொடாமல், வேகமாக இழுத்தால் இழை உருகி ஒட்டிக்கொள்ளும், தையல் தேவையில்லை. நின்று நிதானமாக இழுத்தால் தீப்பிடிக்கும். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் இருக்கட்டும், பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம். கயிற்றோடு கொடியை ஒட்டாதீர்கள், மேல் ஓரத்தை ஒரு விரல் அகலம் மடித்து ஓடவிட்டுத் தையுங்கள். ஒட்டுவதற்குக் கெமிபிக்ஸ் போன்ற வெள்ளைப் பசையை எடுத்தால் அது ஏறத்தாழ 10 பாகைக்குக் கீழே சரியாகப் படலம் கட்டாது. தை மாதத்து இரவில் தடவினால் சுண்ணாம்புத்தூள் போல வெளுத்துக் காய்ந்து, இழுத்ததும் கையோடு வரும். குளிர்காலத்தில் பசை வேலையைப் பகல் பதினொரு மணிக்குமேல் செய்வது இதனால்தான்.

பச்சைத் தோரணம் என்றால் குருத்தோலை. மற்ற எல்லாவற்றையும் கெடுக்கிற ஈரம் இதைக் காப்பாற்றுகிறது. வெயில் ஊரில் மறுநாளே சுருளும் ஓலை, இங்கே நாலு நாள் வரை நிறம் மாறாமல் நிற்கும். குறை என்னவென்றால் உயரத்தில் தென்னை நன்றாக வளராது. கீழேயிருந்து வரவேண்டும், தீபாவளி பொங்கலுக்கு விலை ஏறும். கித்துள் ஓலையும் மாவிலையும் கிடைத்தால் அவற்றோடு கலந்து கட்டி, குருத்தோலையை வாசல் நிலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். வாங்கிய குருத்தை ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, மடிப்பை விழாவுக்கு முதல்நாள் மாலையில் தொடங்குவது நல்லது.

பைனஸ் காய்களைப் பொறுக்கி வந்து தொங்கவிடுவோர் உண்டு. அழகுதான். ஆனால் பைனஸ் காயின் செதில் காய்ந்தால் விரியும், ஈரம் பட்டால் மூடிக்கொள்ளும். வெளியே தொங்கவிட்ட பூப்போன்ற காய் காலையில் மூடிய முட்டை போல இருக்கும். அடுப்புக்குமேல் பரணில் ஒரு வாரம் வைத்து விரியவைத்து, வீட்டுக்குள் மேசைக்கு மட்டும் பாவியுங்கள்.

பலூன் பற்றி ஒரே சொல்: சூடான குசினியில் ஊதி வெளியே குளிரில் கட்டினால் தொய்யும். அதிகாலைக் குளிரில் இறுக்க ஊதித் தகரக் கூரைக்குக் கீழே கட்டினால் மத்தியானம் ஒவ்வொன்றாக வெடிக்கும்.

விளக்கு: கூடா, டின்னா, போத்தலா?

மூங்கில் ஈர்க்கில் எலும்பு கட்டி மெல்லிய கலர்த்தாள் ஒட்டிய வெசாக் கூட்டின் அழகுக்கு ஈடு இல்லை. தேயிலைக் கவாத்து நடந்த மலை பக்கத்தில் இருந்தால் வெட்டிப்போட்ட கிளையான மிலாறு சும்மா கிடைக்கும், ஆனால் அது கோணலும் முடிச்சுமாக இருப்பதால் ஐந்து குச்சியில் கட்டும் நட்சத்திரத்துக்குத்தான் ஆகும். வளைவு வேண்டுமென்றால் மூங்கில்தான். ஒட்டுவதற்குப் பசையை வீட்டிலேயே காய்ச்சலாம்: அரைக் கோப்பை கோதுமை மாவை அரைக் கோப்பை பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் இரண்டு கோப்பைத் தண்ணீரில் ஊற்றி, கண்ணாடி போலத் தெளியும் வரை இரண்டு மூன்று நிமிடம் கிளற வேண்டும். ஆறியதும் ஒரு தேக்கரண்டி வினாகிரி சேருங்கள். சேர்க்காவிட்டால் ஈரக் காற்றில் இரண்டாம் நாளே பூஞ்சணம் பிடிக்கும். துரிசு போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது நஞ்சு, பிள்ளைகள் கைவைக்கும் வேலையில் கூடாது. பசையை மெல்லியதாகத் தடவுவது முக்கியம். தடிப்பாகத் தடவிய இடம் காயாமல் தாளின் நிறத்தை ஊறவைத்துத் திட்டுத் திட்டாக்கும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் கூடு இஸ்தோப்பின் கூரைக்குள் தொங்கினால்தான் பிழைக்கும், அதுவும் ஓரிரு இரவுகள்.

டின் மீன் பேணியில் செய்யும் விளக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. 425 கிராம் பேணி உயரமாக, கைக்கு அடக்கமாக இருக்கும். சுடுநீரும் சாம்பலும் போட்டுக் கழுவினால் மீன்வாடை போய்விடும். ஆணியால் துளைபோட்டால் பேணி நசுங்கும் என்பதுதான் எல்லாரும் சொல்லும் குறை. குளிரூட்டியில் தண்ணீரை உறையவைத்துத் துளைக்கச் சொல்வார்கள். குளிரூட்டி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பேணிக்குள் இறுக்கமாக இறங்கும் ஒரு விறகுக் கட்டையைச் செருகிவிட்டு அடித்தால் அதே வேலை நடக்கும். கட்டை சற்று ஆட்டமாக இருந்தால் ஈரமண்ணை இடுக்கில் திணியுங்கள். கோலப் புள்ளி போலக் கடதாசியில் வரைந்து பேணியில் சுற்றி ஒட்டி, இரண்டு அங்குல ஆணியால் புள்ளிக்கு ஒரு அடி. துளைகளுக்கு இடையில் ஒரு சென்ரிமீற்றராவது இருக்கட்டும், நெருங்கினால் தகரம் கிழியும். அடியில் மூன்று துளை கட்டாயம்: இன்றைக்கு மழைநீர் வடிய, நாளைக்குப் பூச்சட்டியாக மாறும்போது வேர் அழுகாதிருக்க. அடித்துளைகளை உள்ளிருந்து வெளியே அடியுங்கள். வெளியிலிருந்து அடித்தால் கிழிந்த தகரம் உள்ளே மடிந்து, அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கும்.

தொங்கவிடக் கட்டுக்கம்பிதான், நைலோன் நூல் சூட்டில் உருகும். துரு துளைகளின் ஓரத்தில் தொடங்கும் என்பதால் பெயின்டைத் துளை போட்ட பிறகு அடிக்க வேண்டும், முன்பு அல்ல. முதலில் ஒரு பூச்சு அன்டிகொரோசிவ் என்ற துருத்தடுப்புப் பெயின்ட், பிறகு நிறம். இதைச் செய்யாத பேணி ஹட்டன் பக்கத்து மழையில் ஒரு பருவத்திலேயே செம்பழுப்பாகிவிடும். விளக்காக மட்டும் என்றால் பெயின்டே வேண்டாம்.

ஜேம் போத்தலைச் சொல்லாமல் விடமுடியாது. கழுத்தில் கம்பி சுற்றிப் பிடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் விளக்கு தயார், காற்றுக்கு அணையாது. அடியில் ஒரு சென்ரிமீற்றர் மணல் போட்டு அதன்மேல் சிறிய மெழுகுதிரியை வைக்க வேண்டும். இல்லாவிட்டால் சூடேறிய அடியில் குளிர்ந்த துளி பட்டதும் போத்தல் விரிசல் விடும். வாய் குறுகிய போத்தலில் சுடருக்குக் காற்றுப் போதாமல் புகைந்து கறுக்கும்.

போத்தலில் தண்ணீர் ஊற்றி மேலே தேங்காய் எண்ணெய் விட்டுத் திரி மிதக்கவிடும் விளக்கை மட்டும் உயரமான ஊர்களில் முயல வேண்டாம். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். கீழே குளிர்ந்த தண்ணீர், மேலே வெண்ணெய்க்கட்டி போல எண்ணெய் என்று இருந்தால் திரி உறிஞ்ச எதுவும் இல்லை. சுடரைச் சுற்றிச் சிறு குழி மட்டும் உருகி, அணைந்துபோகும். நல்லெண்ணெய் இந்தக் குளிரில் உறையாது. தீபாவளி அகலுக்கும் அதுவே. செலவு கூடும் என்பதால் திரியை மெல்லியதாகத் திரித்துக்கொள்ளுங்கள்.

மூன்றில் ஒன்றைத்தான் செய்ய நேரம் என்றால் டின்னைத் தெரிவு செய்யுங்கள். கூடு ஒரு நாள் அழகு. போத்தல் நல்லதுதான், ஆனால் பிள்ளைகள் ஓடும் முற்றத்தில் உடையும்.

தோட்டத்துச் சட்டி

விழா முடிந்த பேணிகள் அப்படியே சட்டியாகும் என்றோம். அவற்றில் பிகோனியா, ஸ்ட்ரோபெரி, புதினா போன்றவை வளரும். தேயிலை மண் புளிப்பானது என்பதால் தகரத்தை உள்ளிருந்தும் அரிக்கும். இரண்டு வருடம் உழைத்தால் அதற்குமேல் எதிர்பார்க்கக்கூடாது. ஒன்றரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலைப் பக்கவாட்டில் வெட்டிச் சுவரில் தொங்கவிடுவதும் ஏறத்தாழ அதே ரகம். வெளிச்சம் புகும் போத்தலில் பாசி பிடிக்கும், வெளிப்பக்கம் பெயின்ட் அடிக்க வேண்டும். ஊவாக் காற்றில் அந்தக் கையளவு மண் ஒரே பகலில் காயும். துளையைச் சூடான ஆணியால் போடுங்கள், நான்கைந்து போதும்.

உரப்பை சும்மா கிடைக்கும், உருளைக்கிழங்குக்கும் லீக்ஸுக்கும் ஏற்ற ஆழம் உண்டு. ஆனால் வெயில் பட்டு ஒரு வருடத்தில் நார் நாராக உதிர்ந்து மண்ணோடு கலக்கும். முச்சக்கர வண்டி டயரை வெட்டிப் பூச்சட்டி செய்யும் படங்களைப் பார்த்து ஆசைப்படுவோருக்கு ஒரு எச்சரிக்கை. டயரின் உட்குழிவில் தேங்கும் தண்ணீர் நுளம்புக்குத் தொட்டில். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க நுளம்பு பெருக்கத் தடுப்புச் சட்டத்தின்படி அது வீட்டுக்காரரின் குற்றம். கண்டி, பதுளை போன்ற தாழ்ந்த, வெப்பமான இடங்களில் டயரை விட்டுவிடுவதே நல்லது. வைத்தே ஆகவேண்டும் என்றால் கீழ்க் குழிவில் ஒரு சாணுக்கு ஒரு துளை போட்டு, முழுவதும் மண்ணால் திணியுங்கள்.

மூங்கில் கணுச்சட்டி மேசைக்கு நன்றாக இருக்கும். கணுவுக்கு மூன்று சென்ரிமீற்றர் கீழே வெட்டினால் அடி தானாக அமையும். மூன்று வருடத்துக்குக் குறையாத முற்றிய மூங்கிலாகப் பார்த்து, வெட்டியதும் இரண்டு வாரம் தண்ணீரில் அமிழ்த்தி வைத்தால் உள்ளிருக்கும் மாச்சத்து கரைந்து, உளுப்பு குறையும். இளமூங்கிலில் இந்தப் பாடெல்லாம் வீண்.

நீண்ட காலத்துக்கு என்றால் சீமெந்துத் துணிச்சட்டிதான். நாம் இதுவரை திட்டிக்கொண்டிருந்த ஈரம் இங்கே கூட்டாளி ஆகிறது. சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. வெயில் ஊரில் நீர் ஆவியாகி வெடிப்பு விடும் சட்டி, இங்கே மெதுவாக, ஆனால் உறுதியாக இறுகும்.

ஒரு சட்டிக்கு 60 சென்ரிமீற்றர் சதுரமான பழைய பருத்தித் துவாய் வேண்டும். தோரணத்துக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய பருத்தியின் தண்ணீர் குடிக்கும் குணம்தான் இங்கே தேவை. பொலியெஸ்டர் துணியில் சாந்து பிடிக்காது, இறுகியபின் பொருக்காக உதிரும். மீன் பேணியால் அளந்து 4 பேணி சீமெந்து, சலித்த மெல்லிய மணல் 2 பேணி, தண்ணீர் இரண்டரை முதல் மூன்று பேணி. தோசை மாப் பதத்துக்கு வரவேண்டும். இட்லி மாப் பதம் என்றால் துணிக்குள் ஊறாது, ரசம் போல ஓடினால் மணல் அடியில் தங்கிவிடும். இறப்பர்க் கையுறை இல்லாமல் தொடாதீர்கள், ஈரச் சீமெந்து தோலைப் புண்ணாக்கும். சீமெந்தைச் சில்லறையாக, வேண்டிய அளவே வாங்குங்கள். திறந்த பை இந்தக் காற்றில் சில வாரத்தில் கட்டிபிடிக்கும். விரலால் நசுக்கிப் பொடியாகாத கட்டி இருந்தால் அந்தச் சீமெந்து செத்தது.

ஒரு வாளியைக் கவிழ்த்துப் பொலித்தீனால் மூடுங்கள். துவாயை முதலில் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்துவிட்டு, நடுவில் விரல் பருமனுக்கு ஓட்டை வெட்டி, சாந்தில் அமிழ்த்திப் பிசையுங்கள். எடுத்துச் சொட்டவிட்டு வாளிமேல் போர்த்தி, மடிப்புகளைக் கையால் பூ இதழ் போல இழுத்துவிடுங்கள். ஓட்டையில் ஒரு மெழுகுதிரித் துண்டைச் செருகி வைத்தால் பிறகு சுலபமாகக் கழன்று வரும், துளையிட இயந்திரம் வேண்டாம். மேலே ஒரு பழைய படங்கைப் போர்த்துங்கள். முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் மழை பட்டால் மேற்பூச்சுச் சீமெந்து கழுவிப்போய் வெறும் மணல் துருத்தும்.

கீழ்நாட்டில் 24 மணியில் கழற்றலாம் என்பார்கள். இங்கே குளிரில் 48 மணி பொறுக்க வேண்டும், உறைபனி விழும் நுவரெலியா இரவுகளில் இந்த வேலையே கூடாது. சாந்துக்குள் இருக்கும் தண்ணீர் உறைந்தால் சட்டி பொருபொருவென்று ஆகிவிடும். கழற்றியபின் வெறும் சீமெந்தும் தண்ணீரும் கலந்த குழம்பை உள்ளும் புறமும் தூரிகையால் ஒரு பூச்சு, மறுநாள் இன்னொரு பூச்சு. பிறகு ஏழு நாள் ஈரச்சாக்கு சுற்றி வைக்க வேண்டும். விழா நெருங்கிவிட்டது என்று வெயிலில் வைத்தால் விளிம்பு முதலில் உடையும்.

இன்னும் ஒரு வேலை பாக்கி. புதிய சீமெந்தில் இருந்து சுண்ணாம்பு கசியும். இரண்டு வாரம் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, அதன்பிறகே செடி நடலாம். மாற்றும் ஊறல் நீரைத் தேயிலைச் செடிக்கோ கமேலியாவுக்கோ ஊற்றாதீர்கள், அந்தக் குடும்பத்துக்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். அசேலியாவும் அப்படியே. மண் கலவை: மண் 2 பங்கு, கொம்போஸ்ட் 1, மணல் 1. ஹட்டன் பக்கம் மணலைக் கூட்டுங்கள், தும்புத் தூளைத் தவிருங்கள், அது தண்ணீரைப் பிடித்துவைக்கும்.

எத்தனை நாள் இருக்கிறது?

மாதம் ஒன்று கையில் இருந்தால் சீமெந்துச் சட்டி மூன்று செய்து, செடியோடு வாசலில் வைத்து, அதையே விழா அலங்காரமாக்கலாம். பத்துநாள் என்றால் சட்டியைச் செய்து, ஊறவைக்காமல், உள்ளே மணலும் மெழுகுதிரியும் வைத்து விளக்குத்தொட்டியாகப் பாவித்துவிட்டு, விழா முடிந்தபின் தண்ணீரில் போடுங்கள். ஒரு வாரத்துக்குள் என்றால் சீமெந்தைத் தொடவே வேண்டாம், கால் சேலையும் பத்து மீன் பேணியும் போதும். நாளைக்கே விழா என்றால் குருத்தோலையும் ஜேம் போத்தலும்.

சீமெந்துச் சட்டியில் ஹைட்ரேஞ்சியா நடுவோர் கவனிக்க: புளிப்பு மண்ணில் நீலமாகப் பூத்த அதே செடி, சட்டியின் சுண்ணாம்பு இறங்க இறங்க இளஞ்சிவப்பாகப் பூக்கத் தொடங்கும். நோய் என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். நீலம்தான் வேண்டும் என்றால் அதைத் தகரப் பேணியிலும் வைக்க முடியாது, வேருக்கு இடம் போதாது. நேராகத் தரையில் நடுங்கள்.